தாலியும் கிரீன் கார்டும்: அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் திருமணம் வந்த வழி

சங்கத்தில் பொங்கல் விழா நடந்தாலும் சரி, இசை விழா நடந்தாலும் சரி, பந்தியில் உட்கார்ந்தவுடன் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். “பையன் அமெரிக்காவிலேயா இருக்கான்? எச்-1பி விசாவா, கிரீன் கார்டா?” நட்சத்திரமும் கோத்திரமும் கேட்ட இடத்தில் இப்போது இதுவும் ஒரு பொருத்தமாகச் சேர்ந்துவிட்டது. பதில் சொல்கிற அம்மாவுக்கும் அதன் முழு அர்த்தம் தெரியாது, கேட்கிற மாமாவுக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பதிலில் ஒரு பெண்ணின் அடுத்த பத்து வருஷ வாழ்க்கை அடங்கியிருக்கிறது.

வேலை விசாவில் போனவர் அங்கே நிரந்தரவாசியாவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வேலை கொடுத்த நிறுவனம் அவருக்காக மனுப் போடுவது. மற்றது திருமணம். இந்த இரண்டாவது வழி எப்படி உண்டாயிற்று, அதற்கு யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் வக்கீல் அல்ல. யாருக்கும் ஆலோசனை சொல்ல வரவில்லை. ஆனால் சரித்திரம் தெரிந்தால் விண்ணப்பப் படிவத்தில் உள்ள கேள்விகள் எங்கிருந்து வந்தன என்பதாவது புரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருமணத்தின் வழியாகக் கிடைக்கும் இந்த வாய்ப்பு, வெளிநாட்டிலிருந்து போனவருக்கு உரிய உரிமை அல்ல. அவரை மணந்த குடிமகனுக்கோ குடிமகளுக்கோ சட்டம் தந்த சலுகை அது. மனுதாரர் அங்குள்ளவர், பயனாளி மட்டுமே நம் பிள்ளை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் நூற்றெழுபது வருஷக் கதையும் விளங்கிவிடும்.

கணவன் எவ்வழி, மனைவி அவ்வழி

1855-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. குடிமகன் ஒருவனை மணந்த அந்நிய நாட்டுப் பெண், தனியாக எந்த விண்ணப்பமும் கொடுக்காமலே குடிமகளாகிவிடுவாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் குடியுரிமை பெறத் தகுதியுள்ள இனத்தைச் சேர்ந்தவளாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அன்றைய சட்டத்தில் அந்தத் தகுதி வெள்ளையருக்கே உரியது.

1907-இல் இதன் மறுபக்கமும் சட்டமாயிற்று. அந்நியன் ஒருவனை மணக்கும் அமெரிக்கப் பெண், தாலி ஏறிய மாதிரி அந்தக் கணமே தன் குடியுரிமையை இழந்து கணவனுடைய நாட்டுக்காரி ஆகிவிடுவாள். பிறந்த ஊரிலேயே அவள் அந்நியப் பெண்.

கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்த எத்தெல் மெக்கென்ஸி என்ற பெண்மணி 1909-இல் பிரிட்டிஷ் பிரஜை ஒருவரை மணந்தார். 1913-இல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனபோது, “நீங்கள் அமெரிக்கர் இல்லையே அம்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனார். 1915-இல் தீர்ப்பு வந்தது. தெரிந்துதானே அந்நியனை மணந்தாய், விளைவையும் ஏற்றுக்கொள் என்பதே அதன் சாரம். பெண்ணுக்குத் தனியாக ஒரு நாடு கிடையாது, கணவனுடைய நாடே அவளுடைய நாடு என்பதுதான் அன்றைய நியாயம். கன்னிகாதானத்தோடு கோத்திரம் மாறும் நம் வழக்கத்தை இங்கே நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு பண்டிட்டின் வழக்கு

1920-இல் அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது. அதன் பலமாக 1922-இல் கேபிள் சட்டம் வந்தது. அந்நியரை மணந்தாலும் பெண்ணின் குடியுரிமை போகாது என்றது அது. ஆனால் இங்கேயும் ஒரு முள் ஒளிந்திருந்தது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியரை, அதாவது ஆசிய இனத்தவரை மணந்தால் அவளுடைய குடியுரிமை போய்விடும்.

அந்த முள் அடுத்த ஆண்டே இந்தியர்களைக் குத்தியது. 1923 பிப்ரவரியில் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பு குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்க அரசு வழக்குகள் தொடுத்தது.

திந்துக்காக வாதாடிய வக்கீல் சகாராம் கணேஷ் பண்டிட். அவரே 1914-இல் குடியுரிமை பெற்றவர். அமெரிக்கப் பெண்ணை மணந்தவர். இப்போது அவர்மேலேயே வழக்கு. அவருடைய வாதத்தைக் கவனியுங்கள். “என் குடியுரிமை போனால் வக்கீல் தொழில் போகும், நிலம் போகும். அது மட்டுமல்ல, இந்த மண்ணிலேயே பிறந்த என் மனைவி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவள் ஆகிவிடுவாள்” என்பது அதன் கருத்து. 1914-இலேயே முடிந்துபோன விஷயத்தை அரசு மறுபடி கிளற முடியாது என்று 1926-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிற்று. 1927-இல் உச்ச நீதிமன்றமும் அரசின் மனுவை ஏற்க மறுத்தது. அதன்பின் மற்ற இந்தியர்கள்மேல் இருந்த வழக்குகளையும் அரசு கைவிட்டது. ஆனால் அதற்குள் பலருடைய குடியுரிமை போயேவிட்டது.

இதே காலத்தில் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பயிர் செய்துகொண்டிருந்த பஞ்சாபி விவசாயிகளுக்கு வேறொரு சங்கடம். ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர வழியில்லை. வெள்ளைக்காரப் பெண்ணை மணக்க மாநிலச் சட்டம் தடை. கடைசியில் பலர் மெக்சிகோ நாட்டுப் பெண்களை மணந்தார்கள். ஒரே வீட்டில் ஒருபக்கம் குருத்வாரா, மறுபக்கம் கத்தோலிக்கக் கோயில், அடுப்பில் ரொட்டியும் தோர்த்தியாவும் என்று ஒரு புதிய சமூகமே அங்கே உண்டாயிற்று. சட்டம் அடைத்த கதவைச் சுற்றிக்கொண்டு வாழ்க்கை வேறு வழியில் போனது.

கேபிள் சட்டத்திலிருந்த அந்த முள் 1931-இல் பிடுங்கப்பட்டது. இந்தியர்களும் குடியுரிமை பெறலாம் என்ற லூஸ்-செல்லர் சட்டம் 1946 ஜூலை 2-இல் வந்தது. அதன்படி வருஷத்துக்கு இந்தியாவிலிருந்து குடியேற அனுமதி நூறு பேருக்குத்தான்! நம் சங்கத்துப் பந்தியில் ஒரு வரிசைகூட நிரம்பாது.

போர்க்கால மணமகள்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, வெளிநாடுகளில் மணம் முடித்திருந்த அமெரிக்கப் போர்வீரர்கள் மனைவிமாரோடு ஊர் திரும்ப விரும்பினார்கள். போரிட்டு வந்தவனிடம் ‘உன் மனைவிக்கு இடமில்லை’ என்று எந்த அரசால் சொல்ல முடியும்? 1945 டிசம்பர் 28-இல் போர்க்கால மணமகள் சட்டம் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் வழியாக நுழைந்தார்கள். இனத் தடையும் 1947-இல் இந்த மனைவியரைப் பொறுத்தவரை நீக்கப்பட்டது. சலுகை வீரனுக்கு, அதன் பயன் மனைவிக்கு. நான் முதலில் சொன்ன அடிப்படை இங்கே தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை எல்லன் நாஃப் என்ற பெண்மணி அனுபவித்தார். ஜெர்மனியில் பிறந்தவர், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய குடிமகனின் மனைவி. 1948-இல் நியூயார்க் வந்து இறங்கியவரை எல்லிஸ் தீவில் நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்புக் காரணம் என்றார்கள், என்ன காரணம் என்று சொல்லவில்லை, விசாரணையும் இல்லை. 1950-இல் உச்ச நீதிமன்றமும் அரசு செய்தது சரியே என்றது. பத்திரிகைகளும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரும் குரல் கொடுத்த பிறகு, 1951-இல்தான் அவர் உள்ளே விடப்பட்டார்.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2024 ஜூன் மாதம் இதே கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு மறுபடி வந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு பெண் வக்கீலின் கணவர் எல் சால்வடோர் நாட்டுக்காரர். அவர் குற்றக் கும்பலைச் சேர்ந்தவர் என்று சந்தேகித்துத் தூதரகம் விசா மறுத்துவிட்டது. வெளிநாட்டுக் கணவரையோ மனைவியையோ நாட்டுக்குள் அழைத்துக்கொள்வது குடிமக்களின் அடிப்படை உரிமை அல்ல என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லன் நாஃப் வழக்கு அந்தத் தீர்ப்பிலும் மேற்கோள் காட்டப்பட்டது.

வேலை விசாவும் இரட்டை எண்ணமும்

இனி நம் பிள்ளைகள் வரும் கட்டம். 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் மூன்று காரியங்களைச் செய்தது. ‘மனைவி’ என்றிருந்த இடத்தில் ‘வாழ்க்கைத் துணை’ என்று எழுதி, குடிமகளின் கணவருக்கும் அதே இடத்தைக் கொடுத்தது. எச்-1 என்ற தற்காலிக வேலை விசாவை உண்டாக்கியது. நாட்டுக்குள் இருந்தபடியே தற்காலிக நிலையிலிருந்து நிரந்தர நிலைக்கு மாறலாம் என்ற விதியையும் சேர்த்தது. அதற்கு முன்னால், உள்ளே இருப்பவர்கள் கனடாவுக்குப் போய் அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விசா வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், வேலை விசாவில் இருப்பவர் குடிமகளை மணந்து அங்கேயே நிரந்தரவாசியாவதற்கான பாதை 1952-இலேயே போட்டாயிற்று என்று தோன்றும். ஆனால் நடுவில் ஒரு தடைக்கல். எச்-1 விசாக்காரர், சொந்த நாட்டில் தமக்கு வீடு உண்டு, அதை விட்டுவிடும் எண்ணம் இல்லை என்று காட்ட வேண்டும். கல்யாணம் செய்துகொண்டு மனுப் போட்டால், “திரும்பிப் போவேன் என்றீரே, அது பொய்யா?” என்ற கேள்வி எழும். மனுப் போடவும் பயம், போடாமல் இருக்கவும் முடியாது. இருதலைக் கொள்ளி எறும்பு நிலை.

1990 நவம்பர் 29-இல் மூத்த புஷ் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் இந்தக் கல்லை எடுத்துப் போட்டது. எச்-1பி என்ற பிரிவும், ஆண்டுக்கு 65,000 என்ற உச்சவரம்பும் அதில்தான் வந்தன. தற்காலிகமாக வேலை செய்யும் எண்ணமும், வாய்த்தால் தங்கிவிடும் எண்ணமும் ஒருவருக்கு ஒரே சமயத்தில் இருக்கலாம் என்பதையும் சட்டம் ஒப்புக்கொண்டது. இதை ‘இரட்டை நோக்கம்’ என்கிறார்கள். மனித மனசு எப்போதும் அப்படித்தான் இருக்கிறது. சட்டத்துக்குத்தான் அதைக் கண்டுபிடிக்க இத்தனை நாள் ஆயிற்று. எச்-1பி-யில் இருப்பவர் நிரந்தரவாச மனு நிலுவையில் இருக்கும்போதே அதே விசாவில் இந்தியா வந்து திரும்பலாம் என்று 1999-இல் விதியும் வந்தது. மாணவர் விசாவிலோ சுற்றுலா விசாவிலோ இருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் முன்அனுமதி வாங்காமல் வெளியே வந்தால் மனு கைவிடப்பட்டதாகிவிடும்.

சந்தேகத்தின் காலம்

சலுகை இருக்கும் இடத்தில் போலியும் வரும். போலி வந்தால் சந்தேகம் வரும். 1980-களில், திருமண மனுக்களில் நூற்றுக்கு முப்பது போலியானவை என்று குடியேற்றத் துறையின் தலைவரே செனட் குழுவின்முன் சொன்னார். பதறிப்போன நாடாளுமன்றம் 1986 நவம்பரில் கடுமையான ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பிறகு ஒரு வழக்கில் அந்த முப்பது சதவீதக் கணக்கே ஆதாரமற்றது என்று வெளிப்பட்டது. ஆனால் சட்டம் நின்றுவிட்டது.

அதன்படி, நிரந்தரவாசம் கிடைக்கும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகவில்லை என்றால், கிடைப்பது நிபந்தனைக்குட்பட்ட அட்டை. இரண்டு வருஷம் முடியும் முன் கடைசி 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து இன்னொரு மனுக் கொடுத்து நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். போலித் திருமணத்துக்கு ஐந்தாண்டுச் சிறை, 250,000 டாலர் அபராதம் வரை உண்டு. சேர்ந்து எடுத்த புகைப்படம், கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் என்று கட்டுக் கட்டாகக் காகிதம் கேட்பதும், சந்தேகம் வந்தால் இருவரையும் தனித்தனியே உட்கார வைத்து விசாரிப்பதும் இந்த மனநிலையின் தொடர்ச்சிதான்.

இன்னொரு விதி நமக்குச் சுவையானது. நிச்சயித்த பெண்ணுக்கான கே-1 விசாவை 1970-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்தியிருந்தது. அதற்கு மனுப் போட, இருவரும் கடந்த இரண்டு வருஷத்துக்குள் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்று 1986-இல் சேர்த்தார்கள். பெற்றோர் பார்த்து முடிக்கும் சம்பந்தங்களில், கல்யாணத்துக்கு முன் சந்திப்பது வழக்கத்துக்கே விரோதமானது என்று நிரூபித்தால் விலக்கு உண்டு. நம்ம பாட்டி காலத்துக் கல்யாணத்துக்கு வாஷிங்டனில் ஒரு விதிவிலக்கு எழுதிவைத்திருக்கிறார்கள்!

சிரிப்பு ஒருபுறம் இருக்க, 1986 சட்டத்தின் கொடுமை வேறொரு இடத்தில் தெரிந்தது. கூட்டு மனுவில் கணவன் கையெழுத்துப் போட மறுத்தால் மனைவியின் கதி என்ன? அடிக்கிற கணவன் கையில் சட்டமே ஒரு தடியைக் கொடுத்த மாதிரி ஆயிற்று. 1990-இல் துன்புறுத்தப்பட்டவர்கள் தனியாக விண்ணப்பிக்க வழி செய்தார்கள். 1994-ஆம் ஆண்டுப் பெண்கள்மீதான வன்முறைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி போய், கொடுமை செய்யும் குடிமகன் அல்லது நிரந்தரவாசியின் மனைவி தன் பெயரிலேயே முதல் மனுவையும் போடலாம் என்றது. மனுதாரர் வேறு, பயனாளி வேறு என்ற பழைய கட்டு அங்கே தளர்ந்தது.

சட்டம் எதைத் திருமணம் என்று ஏற்கும் என்பதும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1975-இல் கொலராடோவில் மணந்த ரிச்சர்ட் ஆடம்ஸ், ஆன்டனி சல்லிவன் என்ற இரு ஆண்களின் மனு அவமதிப்பான வார்த்தைகளோடு நிராகரிக்கப்பட்டது. 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் அப்படிப்பட்ட மனுக்கள் ஏற்கப்பட்டன. அதற்குள் ஆடம்ஸ் காலமாகிவிட்டார். சல்லிவனுக்கு 2016-இல், துணையை இழந்தவர் என்ற முறையில் கிரீன் கார்டு கிடைத்தது.

முகூர்த்த நாளும் அட்டை வந்த நாளும்

இதுவரை குடிமக்களை மணப்பதைப் பற்றிச் சொன்னேன். அவர்களின் துணைக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. நம் வீடுகளில் அதிகம் நடப்பதோ வேறு. பையனும் இந்தியன், பெண்ணும் இந்தியப் பெண். பையன் எச்-1பி-யில் இருக்கிறான். நிறுவனம் மனுப் போட்டிருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஏழு சதவீதம் என்ற வரம்பினால் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பத்தாண்டுகளையும் தாண்டி நீள்கிறது. ஆறு வருஷத்தில் முடிய வேண்டிய எச்-1பி-யை, வரிசையில் நிற்பவர்களுக்காக நீட்டிக்கலாம் என்று 2000-இல் சட்டம் செய்ய வேண்டிவந்தது.

இங்கே எல்லாம் ஒரு தேதியில் நிற்கிறது. அட்டை வருவதற்கு முன்னால் கல்யாணம் நடந்திருந்தால், மனைவி கணவனின் அதே இடத்தில் வரிசையில் சேர்ந்துகொள்ளலாம். அட்டை வந்த மறுநாள் நடந்தால், அவள் நிரந்தரவாசியின் மனைவி என்ற தனி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அதற்கு ஆண்டு வரம்பு உண்டு. அந்த வரிசை ஒரு காலத்தில் நான்கைந்து வருஷம் வரை நீண்டிருந்தது. எச்-1பி-காரர் மனைவியை எச்-4 விசாவில் கையோடு அழைத்துப் போகலாம். கிரீன் கார்டு வாங்கியவருக்கு அந்த வசதி இல்லை. உயர்ந்த அட்டை கிடைத்தவன் தனியாக இருக்க வேண்டிய விசித்திரம்! 2000 டிசம்பரில் வி விசா என்று ஒரு நிவாரணம் தந்தார்கள். ஆனால் அம்மாதம் 21-ஆம் தேதி வரை மனுப் போட்டவர்களுக்கு மட்டும். ஆக, ‘கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் கல்யாணம்’ என்று காத்திருந்த குடும்பங்கள் பல, நல்லது என்று நினைத்தே பிள்ளைகளைப் பிரித்து வைத்தன.

எச்-4-இல் போன பெண்ணின் கதை இன்னொன்று. இன்ஜினீயரிங் படித்து இங்கே வேலை பார்த்தவள் அங்கே சம்பாதிக்கக் கூடாது. 2015 மே மாதம்தான், கணவரின் நிரந்தரவாச மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மனைவிக்கும் வேலை அனுமதி என்று விதி வந்தது. 1855-இல் தொடங்கிய ‘கணவன் எவ்வழி, மனைவி அவ்வழி’ என்ற நியாயம் எச்-4 என்ற எழுத்திலும் எண்ணிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆச்சரியமான ஒரு விலக்கும் உண்டு. வரிசை என்பது பாஸ்போர்ட்டைப் பொறுத்ததல்ல, பிறந்த நாட்டைப் பொறுத்தது. கணவன் இந்தியாவில் பிறந்திருந்தாலும், மனைவி யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்தவராக இருந்தால் இருவரும் அவருடைய நாட்டின் வரிசையில் நிற்கலாம். கடல் கடந்து பரவிய தமிழ்ச் சமூகத்துக்கு இந்த விதி தரும் பயன் சொல்லாமலே விளங்கும். இங்கே ஒரு தடவையாவது, மனைவியின் வழியில் கணவன் போகிறான்.

நிறைவாக

நம் உச்ச நீதிமன்றம் 2006-இல் எல்லா மதத்தினரின் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று சொன்னது. மண்டபத்தில் ஆயிரம் பேர் பார்க்கக் கட்டிய தாலிக்கு எதற்குச் சாட்சிப் பத்திரம் என்று சலித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். இந்தச் சரித்திரத்தைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல மாட்டேன். எத்தெல் மெக்கென்ஸியும் பண்டிட்டின் மனைவியும் எந்தக் குற்றமும் செய்யவில்லை. தங்கள் பெயரில் ஒரு காகிதம் இல்லாததுதான் அவர்கள் குறை.

ஆகவே, அடுத்த பந்தியில் “எச்-1பி-யா, கிரீன் கார்டா?” என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். இன்னும் சில கேள்விகள் கேட்போம். மனு எந்தக் கட்டத்தில் இருக்கிறது? கல்யாணத் தேதி அதற்கு முன்னாலா, பின்னாலா? நம்ம பெண் அங்கே எந்த நிலையில் போய் இறங்குவாள், வேலை பார்க்க முடியுமா? நாளை ஒரு கஷ்டம் வந்தால் அவள் பெயரில் என்ன காகிதம் இருக்கும்? பெண்ணைப் பெற்றவர்கள் இதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. பிள்ளையைப் பெற்றவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுவது இன்னும் அழகு.